தீவுக்குப் பகல் மட்டும் போதுமா?

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே வில்லிங்டன் தீவு தெரியும். லட்சத்தீவுக்குப் போகும் பயணிகள் கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. எம்.வி. கவரத்தி, எம்.வி. கோரல்ஸ், எம்.வி. லகூன்ஸ் என்ற பெயர்கள் இங்கே நெடுநாள் வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. பெரிய மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் கல்யாணச் சாமான் வாங்கவும் தீவுக்காரர்கள் கொச்சிக்குத்தான் வருகிறார்கள். நம் கடைகளில் சாமான் வாங்குகிறார்கள், நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊரில் ராத்திரி விளக்கு எதனால் எரிகிறது என்று நாம் அவ்வளவாகக் கேட்டதில்லை.

2024 ஜனவரி 3-ஆம் தேதி பிரதமர் கவரத்தியில் பேட்டரியோடு கூடிய சூரிய மின் நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். லட்சத்தீவில் அந்த வகையில் அதுவே முதல். அன்றிலிருந்து, "லட்சத்தீவு முழுக்க சோலார் ஆகிவிட்டது, டீசல் ஒழிந்தது" என்று நம் அன்பர்களில் சிலர் சொல்லக் கேட்கிறேன். சோலார் வந்தது உண்மை, நல்லது. டீசல் ஒழிந்தது என்பது உண்மையல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவில், அதாவது பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பேட்டரி ஆகியவற்றோடு, பல வருடங்கள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டிப்ளமோக்காரன். கணக்கெல்லாம் பெருக்கல், வகுத்தலோடு நிற்கும். யாரும் பயப்பட வேண்டாம்.

முதலில் தீவின் நிலைமை. லட்சத்தீவில் மக்கள் வசிப்பது பத்துத் தீவுகளில். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 64,473 பேர். கொச்சியிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவுக்குள் சிதறிக் கிடக்கின்றன. 1962-இல் மினிக்காயிலும் 1964-இல் கவரத்தியிலும் மின்சாரம் வந்தது. அன்று முதல் அது டீசல் ஜெனரேட்டர் மின்சாரம். ஒவ்வொரு தீவும் தனக்குத்தானே ஒரு மின்வாரியம் மாதிரி. ஒரு தீவில் குறைந்தால் பக்கத்துத் தீவிலிருந்து கடன் வாங்க வழியில்லை.

கம்பி போடலாமே என்று கேட்பீர்கள். நமக்குத் தீவு என்றால் ராமேஸ்வரம்தான் ஞாபகம் வரும். அதற்குப் பாலமும் உண்டு, கம்பியும் உண்டு. லட்சத்தீவுக்கும் கொச்சியிலிருந்து கடலடியில் ஒரு கேபிள் போயிருக்கிறது. அதே 2024 ஜனவரி 3 அன்றுதான் அதையும் தொடங்கி வைத்தார்கள். ஆனால் அது இன்டர்நெட்டுக்கான கண்ணாடி இழைக் கேபிள், ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். செய்தியை அனுப்பத் தலைமுடி போன்ற இழை போதும். மின்சாரத்தை அனுப்பக் கனத்த செம்போ அலுமினியமோ வேண்டும், இரு முனையிலும் பெரிய உபகரணங்கள் வேண்டும். சில ஆயிரம் வீடுகளுக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்படிப் போடுவது கட்டுப்படியாகாது. ஆகவே தீவு தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ள வேண்டும்.

அந்த டீசல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டுக்கு அருகே உள்ள பேப்பூர் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக ஏற்றித்தான் நெடுங்காலம் அனுப்பினார்கள். மே மாதம் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை மழைக்காலம், சிறு கப்பல்கள் கடலில் இறங்கக் கூடாது. அதற்கு முன்பே வேண்டியதைச் சேர்த்து வைக்க வேண்டும். வழியில் ஒரு பீப்பாய் உடைந்தாலும் போவது பவளப்பாறைக்கும் மீனுக்கும். 2025 மே மாதம் நம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது, அதன் எண்ணெய் எங்கே கரை ஒதுங்குமோ என்று நம் கடற்கரை மீனவர்கள் பட்ட கவலையை நாம் நேரில் பார்த்தோம். தீவுக்காரர்கள் அந்தக் கவலையோடு வருடா வருடம் வாழ்கிறார்கள்.

செலவோ, ஒரு யூனிட் உண்டாக்க ஆகும் தொகையில் சிறு பங்கைத்தான் வீட்டுக்காரர் கட்டணமாகக் கட்டுகிறார். மீதியைக் கட்டுவது மத்திய அரசு, அதாவது நீங்களும் நானும். அதில் எனக்குக் குறையில்லை. தீவில் பிறந்த குற்றத்துக்காக ஒருவர் யூனிட்டுக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டும் என்பது நியாயமல்ல. ஆனால் பணம் புகையாகப் போவதைவிட வேறு வழியில் போனால் நல்லது என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

இப்போது சூரியனுக்கு வருவோம்.

நம் நெடும்பாசேரி விமான நிலையம் 2015 ஆகஸ்ட் 18 முதல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்குவதாகப் பெருமையோடு சொல்கிறோம். உலகிலேயே அப்படி முதல் விமான நிலையம். 2018-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. தொடங்கும்போது 45 ஏக்கரில் 12 மெகாவாட். நியாயமான பெருமைதான். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வளைகுடா விமானம் இறங்கும்போது ஓடுபாதை விளக்கு எதில் எரிகிறது? கேரள மின்வாரியத்தின் கம்பியில். பகலில் மிஞ்சியதை வாரியத்திடம் கொடுத்து வைக்கிறார்கள், ராத்திரி திரும்ப வாங்குகிறார்கள். வாரியம் அவர்களுக்குப் பாங்கி மாதிரி. 2023 ஏப்ரலில் தொடங்கி, 2025 அக்டோபரில் நம் மட்டாஞ்சேரிக்கும் வந்து சேர்ந்த வாட்டர் மெட்ரோ படகுகளும் அப்படியே. துறையில் கட்டிச் சில நிமிடங்களில் பேட்டரியை நிரப்பிக் கொள்ள முடிவது கரையில் கம்பி இருப்பதால்.

லட்சத்தீவில் அந்தப் பாங்கி இல்லை. பகலில் மிஞ்சினால் வைத்துக்கொள்ள ஒரே இடம் பேட்டரி. ஆகவே தீவில் சோலார் என்று யாராவது சொன்னால் பலகை எத்தனை மெகாவாட் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. பேட்டரி எத்தனை யூனிட் பிடிக்கும் என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். கவரத்தித் திட்டத்தில் சூரியப் பலகை 1.7 மெகாவாட், பேட்டரி 1.4 மெகாவாட் மணி, அதாவது 1,400 யூனிட். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நல்ல நாளில் சுமார் நாலு யூனிட் தரும். அப்படியானால் ஒரு நாளைக்கு 6,800 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் மூன்றரை யூனிட் போல உண்டாக்கும். 6,800 யூனிட் என்பது ஏறக்குறைய 1,900 லிட்டர், 200 லிட்டர் பீப்பாயில் ஒன்பது, பத்துப் பீப்பாய். தினமும் பத்துப் பீப்பாய் கடலைக் கடக்காமல் இருந்தால் அது பெரிய காரியம். யாரும் அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் ராத்திரிக்கு எவ்வளவு? பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தாலும் 1,400 யூனிட். டீசல் கணக்கில் இரண்டு பீப்பாய். ஒரு வீட்டுக்குச் சாயங்காலத்திலிருந்து விடியும் வரை நாலு யூனிட் என்று வைத்தால் 350 வீடு. கவரத்தியில் 2011 கணக்குப்படி பதினோராயிரத்துச் சொச்சம் மக்கள். மீதிப்பேர் வீட்டு விளக்கும் விசிறியும் பிரிட்ஜும் எதில் ஓடும்? பழைய டீசலில்தான்.

கவரத்தியை மட்டும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தமானில் நம் நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் 2020-இல் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது, 8 மெகாவாட் மணி பேட்டரியோடு. வகுத்துப் பாருங்கள். இருபது மெகாவாட் முழு வேகத்தில் ஓடினால் இருபத்து நாலு நிமிடத்தில் அந்தப் பேட்டரி நிரம்பிவிடும். அது ராத்திரிக்காக வைத்த பேட்டரியே அல்ல. மேகம் மறைக்கும்போது மின்சாரம் குதிக்காமல் தாங்கிக்கொள்ள வைத்தது. லாரிக்கு ஷாக் அப்சார்பர் எப்படியோ அப்படி. அதுவும் தேவைதான். ஆனால் ஷாக் அப்சார்பரைக் காட்டி டீசல் டாங்க் என்று சொல்லக் கூடாது.

இன்னொரு தீவுக்கும் போய் வருவோம், அது நம் தமிழ்த் தீவு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. நயினாதீவு நாகபூஷணி அம்மனை நம்மில் பலர் தரிசித்திருப்பீர்கள். இந்த மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரியன், பேட்டரி, டீசல் எல்லாம் சேர்ந்த கலப்பு மின் நிலையங்கள் அமைக்கும் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. ராமேஸ்வரத்துக்கு இவ்வளவு அருகிலா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த வருடக் கடைசியில் சீனத் தரப்பு ஒதுங்கியது. 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்பாடு செய்துகொண்டன. கடனாக அல்ல, 1 கோடியே 10 லட்சம் டாலர் நன்கொடையாகவே இந்தியா தர முன்வந்தது. 2024 மார்ச் 1-இல் பெங்களூர் யு-சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரண்டு வல்லரசுகள் நெடுந்தீவு மீனவர் வீட்டு விளக்குக்காகப் போட்டி போட்டது விளக்கின் மேல் உள்ள பிரியத்தால் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அது அரசியல், விட்டுவிடுவோம்.

ஒப்பந்தத்தின் கணக்கு என்ன? மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரியன் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பேட்டரி 2,400 யூனிட், தயார் நிலையில் டீசல் ஜெனரேட்டர் 2,500 கிலோவாட். சூரியனும் காற்றும் சேர்ந்தால் 2,230. டீசல் 2,500. மாப்பிள்ளையைவிடத் தோழன் பெரிய ஆளாக இருக்கிறான்! சிரிப்புக்காகச் சொன்னேனே தவிர, பொறியாளன் என்ற முறையில் இதில் தவறு காணவில்லை. மூன்று நாள் அடைமழை பெய்தால் ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் வேண்டும். தயார் நிலை ஜெனரேட்டர் இல்லாத தீவில் நான் குடியிருக்க மாட்டேன். ஆனால் அது உண்மையில் தயார் நிலையில் சும்மா நிற்கிறதா, அல்லது ராத்திரிதோறும் ஓடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத்தை வாசித்தால் அது தெரியாது. மாதக் கடைசியில் எத்தனை லிட்டர் டீசல் ஊற்றினார்கள் என்று பார்த்தால் தெரியும்.

நெடுந்தீவுத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் காற்று. சூரியனை மட்டும் நம்பினால் தீவுக்கு ஒரு கெட்ட காலம் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் வெயில் குறையும். டீசல் ஏற்றி வரும் சிறு கப்பல் நிற்கும் காலமும் அதுதான். ஆனால் அதே மாதங்களில்தான் காற்று பிய்த்துக்கொண்டு வீசும். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ரயிலில் போகிற நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழல்வதை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். சூரியன் ஓய்வெடுக்கும்போது காற்று வேலைக்கு வருகிறது. தீவில் காற்றாலை நிறுத்தப் பெரிய கிரேன் வேண்டும், விமான நிலையத்துக்கு அருகே உயரமாக நிறுத்த முடியாது, உப்புக்காற்று இரும்பைத் தின்னும், எல்லாம் தெரிந்ததுதான். 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறை ஊழியர்கள் பெயிண்ட் டப்பாவோடு தொங்கினார்கள்! கடைசியில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம்தான் திறக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் சிறு காற்றாலைகளையாவது லட்சத்தீவில் முயன்று பார்க்காமல் பலகை மேல் பலகை அடுக்கிக்கொண்டே போவது சரியல்ல. 32 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒவ்வொரு பலகை வரிசைக்கும் சில தென்னை மரங்கள் விலையாகின்றன.

வெளிநாட்டில் இதை வென்றவர்கள் இல்லையா? டென்மார்க்கில் சாம்சோ என்ற தீவு, சுமார் 4,000 பேர். 1997-இல் அந்நாட்டு அரசு நடத்திய போட்டியில் தேர்வாகி, பத்து வருடத்துக்குள் தன் தேவைக்கு மேல் காற்று மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. நிலத்தில் 11 காற்றாலை, கடலில் 10. விவசாயிகளும் சாதாரணக் குடும்பங்களும் பங்கு வாங்கினார்கள், ஊராட்சியே கடலில் ஐந்து காற்றாலைக்குச் சொந்தக்காரர். தன் பணம் போட்ட காற்றாலை சத்தம் போடுகிறது என்று யாரும் புகார் செய்வதில்லை! ஆனால் சாம்சோவுக்கு டென்மார்க் பெருநிலத்தோடு கடலடிக் கம்பி உண்டு. காற்றில்லாத நாளில் கரையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். நெடும்பாசேரிக் கதைதான்.

கம்பி இல்லாத தீவுக்கு உதாரணம் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான எல் ஹியரோ. 2014-இல் தொடங்கினார்கள். காற்று மிஞ்சும்போது தண்ணீரை எரிமலை உச்சிப் பள்ளத்துக்கு ஏற்றி வைக்கிறார்கள், காற்று நின்றால் அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். மலையே அவர்களுக்குப் பேட்டரி. 2019 கோடையில் தொடர்ந்து 24 நாட்களுக்கு மேல் டீசல் இல்லாமல் ஓட்டிக் காட்டினார்கள். ஆனாலும் முழு வருடக் கணக்கில் பாதிக்குச் சற்று மேல்தான் காற்றின் பங்கு. எரிமலை உள்ளவர்களுக்கே அப்படி. லட்சத்தீவில் உயரமான இடம் என்றால் தென்னை மர உச்சிதான். ஆகவே நமக்குப் பேட்டரியை விட்டால் வழியில்லை.

பேட்டரி என்றதும் என் பழைய தொழில் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில் பெட்டியும் ஒரு தீவுதான். அடியில் சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டர் சுழலும், அது 110 வோல்ட் பேட்டரியை நிரப்பும், வண்டி நின்றால் பேட்டரியில் விளக்கு எரியும். பகலெல்லாம் ஒரு புகாரும் வராது. பொழுது சாய்ந்து வண்டி எங்காவது சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றால் அப்போதுதான் எந்தப் பெட்டியின் பேட்டரியை யார் கவனிக்கவில்லை என்பது தெரியும். செல் செல்லாக ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனைகளில் பூத்த பச்சையைச் சுரண்டி வாசலின் தடவுகிற கலாசிதான் அந்த விளக்கை எரிய வைப்பவர். அவர் லீவு போட்டால் பொறியாளரின் படிப்பெல்லாம் இருட்டில். ஒரு வரிசையில் ஒரு செல் செத்தால் மற்ற செல்களையும் இழுத்துக்கொண்டு போகும். இன்றைய லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் சூடு ஆகாமல் பார்க்க வேண்டும், குளிரூட்டும் கருவி நிற்கக் கூடாது, கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பலகையில் உப்பு ஏறக் கூடாது. கவனிப்பின் வடிவம் மாறியிருக்கிறது, கவனிப்பு வேண்டாம் என்று ஆகிவிடவில்லை.

ஆகவே, தீவின் மின் நிலையத்துக்குத் தீவிலேயே பிறந்து வளர்ந்து, ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ படித்து, ராத்திரி ஒரு மணிக்கும் ஓடி வரக்கூடிய ஆட்கள் வேண்டும். கம்பெனி ஆள் அடுத்த கப்பலில் வருவார் என்றால், மழைக்காலத்தில் அந்தக் கப்பல் என்றைக்கு வரும் என்று யார் சொல்வது? இதற்குக் கொச்சியில் பயிற்சி கொடுக்க வசதி இல்லையா? ஒரு வார்த்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும். எல்லாரும் கம்ப்யூட்டருக்கே ஓடுகிறார்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் தெரிந்த டிப்ளமோக்காரனுக்கு இனி வேலைப் பஞ்சம் இருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன்.

வங்காளத்தில் கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 1996-இல் கமல்பூர் கிராமத்தில் 26 கிலோவாட்டில் ஒரு சூரிய மின் நிலையம் அமைத்தார்கள். சாயங்காலம் சில மணி நேரம் விளக்கு. கிராமத்தாரே குழு அமைத்துப் பணம் வசூலித்தார்கள். பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். பின்பு நதியைத் தாண்டி உயரக் கோபுரங்கள் நட்டுக் கம்பி வந்தது. நாள் முழுக்க மின்சாரம், டி.வி., பிரிட்ஜ் என்று ஆனதும் பழைய நிலையங்கள் கவனிப்பாரற்றுப் போயின. மக்களைக் குறை சொல்ல முடியுமா? நாலு மணி நேர விளக்கை நன்றியோடு ஏற்றுக்கொண்டவர்கள், கிடைத்ததும் முழு நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். தீவுக்காரருக்கும் நம்மைப் போல ராத்திரி விசிறி வேண்டும். அதைத் தராத சோலார் நிலைக்காது.

பேட்டரி விலை வருடா வருடம் இறங்கி வருகிறது. ஆகவே ராத்திரிக்கும் போதுமான பேட்டரி வைப்பது நாளைக்கு இன்றைவிடச் சுலபம். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். போர்ட் கொச்சி வெளி பகுதியில் நம் தமிழ் வண்ணார் சமூகத்தாரின் தோபிகானா இருக்கிறதே, டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்க வந்தவர்கள் என்று சொல்லப்படுகிற குடும்பங்கள், அவர்கள் வெயிலுக்கு ஏற்ப வேலையை அடுக்குகிறார்கள். விடியுமுன் துவைப்பு, வெயில் ஏற உலர்த்தல், சாய்ந்தபின் இஸ்திரி. தீவின் மின்சாரத்தையும் அப்படி அடுக்கலாம். சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில், கடலடிக் குளிர்ந்த நீரைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தது, நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். பிறகு மற்ற தீவுகளிலும் வந்தது. அந்தப் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். கூடுதல் தொட்டிகள் கட்டி, முடிந்தமட்டும் பகலிலேயே அதிக வேகத்தில் ஓட்டி ராத்திரியில் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டி மலிவான பேட்டரி. சூரை மீனுக்கு ஐஸ் உண்டாக்குவதும் பகல் வேலையாக ஆகலாம். ஐஸ் கட்டியும் ஒரு பேட்டரிதான். ஆனால் சுற்றுலாவுக்கென்று ஏர்கண்டிஷன் அறைகளைத் தீவில் பெருக்கிக்கொண்டே போனால், ராத்திரி முழுக்க அவை டீசலைத்தான் குடிக்கும். சோலாரால் மிச்சமாகும் பீப்பாய் அங்கே போய்விடும்.

இது ஏதோ தூரத்துத் தீவின் கவலை என்று தள்ள முடியாது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் மின் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டிச் சாதனை படைத்தது, அதுவும் ராத்திரியில். நம் வீட்டு மாடிகளில் மானியத்தோடு போடும் பலகைகள் எல்லாம் அந்நேரம் இருட்டில் கிடந்தன. பாங்கியில் எல்லாரும் பகலில் போட்டு ராத்திரியில் எடுக்க வந்தால் பாங்கியும் திணறும். லட்சத்தீவு இன்று படும் பாட்டை நாளைக்கு நாமும் படப்போகிறோம்.

ரயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. டீசல் எஞ்சின் காலத்தில் ஆயிரம் டன் சுமையை ஒரு கிலோமீட்டர் இழுக்க எத்தனை லிட்டர் ஆயிற்று என்று கணக்குப் போட்டுக் கேள்வி கேட்பார்கள். இன்று அகலப்பாதை ஏறக்குறைய முழுக்க மின்மயமாகிவிட்டது. அந்த மாற்றத்தையும் டீசல் எவ்வளவு குறைந்தது என்றே அளந்தோம், கம்பம் எத்தனை நட்டோம் என்று மட்டும் அல்ல. வைக்கத்தில் 2017-இல் ஓடத் தொடங்கிய ஆதித்யா சூரியப் படகைப் பற்றிப் பேசுபவர்களும் லிட்டர் கணக்கில்தான் பேசுகிறார்கள். தீவுகளுக்கும் அதே கணக்கைக் கேட்கிறேன். பத்துத் தீவுக்கும் தனித்தனியே, போன மாதம் ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் இத்தனை லிட்டர், அதில் சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை இத்தனை லிட்டர் என்று இரண்டே எண். ஊருக்கு ஊர் படகுத்துறையில் கரும்பலகையில் எழுதி வைத்தால் போதும். இரண்டாவது எண் வருடத்துக்கு வருடம் இறங்கினால் மாற்றம் நடக்கிறது. இறங்காவிட்டால் எத்தனை பலகை வைத்தும் பகலைத்தான் மாற்றியிருக்கிறோம்.

நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கொச்சியில் படிக்கும் லட்சத்தீவு மாணவர்களையும், தீவின் மின் நிலையத்தில் வேலை பார்த்து இங்கே வந்து போகிறவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்துப் பேச வைக்கலாம். மலையாளத்தில் பேசட்டும், நமக்குப் புரியும். என்னைப் போல ஓய்வு பெற்ற மின்பிரிவு ஆட்கள் நம்மில் ஏழெட்டுப் பேராவது இருப்போம், ஹைட்ரோமீட்டர் பிடித்த கைகள் இன்னும் நடுங்கத் தொடங்கவில்லை. தீவுப் பையன்கள் யாராவது பேட்டரி வேலை கற்க விரும்பினால், சம்பளம் இல்லாமல் சொல்லிக் கொடுக்க நான் தயார். என் பெயரைச் செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.